கட்டம் கட்டமாகத் தெரியும் கணிதம்: லினக்ஸ் உலாவியில் எழுத்துருச் சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

தொகையீட்டுக் குறி இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம். அல்லது பக்கத்தின் மேலே, கணித எழுத்துரு கிடைக்கவில்லை என்று ஒரு பட்டை. இதைப் பார்த்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: பொதி மேலாளரைத் திறந்து, பெயரில் கணித வாடை அடிக்கும் எழுத்துருக்களையெல்லாம் நிறுவுவது. நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன். எழுத்துருப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. வர்க்கமூலக் குறி மட்டும் குட்டையாகவே இருந்தது.

'எழுத்துரு இல்லை' என்ற செய்தியை அப்படியே நம்பக் கூடாது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். எழுத்துரு வட்டில் இருக்கும், உலாவியின் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பக்கம் வேறொன்றைக் கேட்டிருக்கும். கேட்டது கிடைத்தாலும் அதற்குள் கணிதத்துக்கு வேண்டிய அட்டவணை இருக்காது. இவற்றில் எது நடந்திருக்கிறது என்பதைப் பிழையின் தோற்றமே பெரும்பாலும் சொல்லிவிடும். எனவே முதலில் திரையை உற்றுப் பாருங்கள். நிறுவுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். 'எஃப்சி' என்று தொடங்குபவை ஃபான்ட்கான்ஃபிக் என்ற எழுத்துரு நிர்வாகக் கருவியோடு வருபவை. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் மேசைக்கணினிகளிலும் அது ஏற்கெனவே இருக்கும்.

அறிகுறி: கட்டம், அதற்குள் குட்டி எண்கள்

ஃபயர்பாக்ஸில் இது ஒரு வரப்பிரசாதம். எந்த எழுத்துருவிலும் வடிவம் கிடைக்காத எழுத்துக்கு அது ஒரு கட்டம் வரைந்து, அந்த எழுத்தின் யூனிகோட் குறியெண்ணை உள்ளேயே எழுதிவிடுகிறது. நான்கு இலக்கமானால் இரண்டு வரிசையில் இரண்டிரண்டாக, ஆறு இலக்கமானால் மும்மூன்றாக இருக்கும். குரோமியம் வகை உலாவிகள் வெறுங்கட்டத்தோடு நின்றுவிடும். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எனவே குரோமியத்தில் கட்டம் தெரிந்தால் அதே பக்கத்தை ஃபயர்பாக்ஸில் திறந்து எண்ணைப் படியுங்கள். திரையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவு பொடி எழுத்து.

எண் 01டி4 முதல் 01டி7 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால், அது கணித எழுத்தெண் குறிகளுக்கான தொகுதி. தடித்த, சாய்ந்த, கையெழுத்துப் பாணி, இரட்டைக்கோடு எனக் கணிதத்தில் தனித்தனிப் பொருள் தரும் ஆங்கில, கிரேக்க எழுத்துகளை 2001-இல் வந்த யூனிகோட் 3.1 இந்தத் தொகுதியில் சேர்த்தது. 1டி400 முதல் 1டி7எஃப்எஃப் வரை அதன் எல்லை. அன்றாட எழுத்துருக்கள் பலவற்றில் இது முழுமையாக இருக்காது. லினக்ஸில் எங்கும் காணப்படும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் கணிதச் செயற்குறிகள் ஏராளம். ஆனால் இந்தத் தொகுதியில் ஒரு பகுதிதான் உண்டு.

அந்த எழுத்து உங்கள் கணினியில் எந்த எழுத்துருவிலாவது இருக்கிறதா என்று பார்க்க, எஃப்சி-லிஸ்ட் கட்டளை. அதன் பின் ஓர் இடைவெளி, முக்காற்புள்ளி, சார்செட் என்ற சொல், சமக்குறி, கட்டத்தில் படித்த எண். முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிடலாம். பெயர் ஏதாவது வந்தால் எழுத்துரு இருக்கிறது, உலாவிதான் அதை எட்டவில்லை; கீழே 'நிறுவியாகிவிட்டது' என்ற பகுதிக்குத் தாவுங்கள். ஒன்றுமே வராவிட்டால்தான் உண்மையிலேயே எழுத்துரு இல்லை. ஒரே ஒரு நல்ல கணித எழுத்துரு போதும். எது என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கையான குழியும் இருக்கிறது. கட்டத்தில் 01டி455 என்று இருந்தால் உலகில் உள்ள எந்த எழுத்துருவை நிறுவினாலும் அது போகாது. சாய்ந்த சிற்றெழுத்து 'ஹெச்' வரிசைப்படி அங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பிளாங்க் மாறிலிக்காக அதே வடிவம் முன்பே 210இ என்ற இடத்தில் யூனிகோடில் இருந்தது. ஒரே எழுத்துக்கு இரண்டு இடம் வேண்டாம் என்று 1டி455-ஐக் காலியாக விட்டுவிட்டார்கள். கையெழுத்துப் பாணிப் பேரெழுத்து 'பி' இப்படித்தான் 212சி-யில் இருக்கிறது. மெய்யெண் கணத்தைக் குறிக்கும் இரட்டைக்கோட்டு 'ஆர்' 211டி-யில் இருக்கிறது. 'ஏ'-யின் குறியெண்ணோடு இத்தனையைக் கூட்டினால் அடுத்த எழுத்து வந்துவிடும் என்று நம்பி யாரோ நிரல் எழுதியிருக்கிறார், அது காலி இடத்தில் போய் விழுந்திருக்கிறது. பக்கம் உங்களுடையதானால் நிரலைத் திருத்துங்கள். அடுத்தவருடையதானால் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். இதே பிழையைத் துரத்திக்கொண்டு ஒரு மாலைப் பொழுது முழுக்க எழுத்துரு எழுத்துருவாகத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எண் இ000-க்கும் எஃப்8எஃப்எஃப்-க்கும் இடையில் இருந்தால், அது தனிப்பயன் பகுதி. அங்கே எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதை ஒவ்வோர் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பக்கம் தன்னோடு கொண்டுவரும் வலை எழுத்துரு உலாவிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். பொதி மேலாளரால் இதற்கு உதவ முடியாது.

2061 முதல் 2064 வரையிலானவை கண்ணுக்குத் தெரியவே கூடாத குறிகள்: சார்பைப் பிரயோகிப்பது, எழுதாமல் விட்ட பெருக்கல் போன்றவை. அவை கட்டமாகத் தெரிந்தால் தேட வேண்டியது எழுத்துருவை அன்று, புதிய உலாவியை. கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தாலோ அது குறியாக்கப் பிழை; பக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லிக்கொண்டு வேறெதையோ அனுப்புகிறது.

அறிகுறி: எழுத்தெல்லாம் இருக்கிறது, ஆனால் எதுவும் நீளவில்லை

கட்டம் ஒன்றுமில்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆனால் மூன்று வரிசை அணியைச் சுற்றி ஒற்றை வரி உயரத்தில் இரண்டு குட்டி அடைப்புக்குறிகள். வர்க்கமூலக் குறியின் மேற்கோடு உள்ளே இருக்கும் கோவையை மூடவில்லை. தொகைக்குறி பக்கத்தில் உள்ள எழுத்தளவே இருக்கிறது. எழுத்துருச் சிக்கல்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். காரணம், எந்தக் கருவியும் இதை 'இல்லை' என்று சொல்வதில்லை.

அடைப்புக்குறியை நீட்ட, அதன் வடிவம் மட்டும் போதாது. அதே குறியின் பெரிய வடிவங்கள் எவை, அதற்கும் மேல் நீள வேண்டுமானால் எந்தத் துண்டுகளை எப்படி ஒட்டுவது, பின்னக் கோட்டின் தடிமன் எவ்வளவு, அடுக்கை எவ்வளவு உயர்த்துவது என்ற விவரமெல்லாம் வேண்டும். ஓப்பன்டைப் எழுத்துருக்களில் இவை 'மேத்' என்ற அட்டவணையில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸ் 2007-க்காக கேம்ப்ரியா மேத் எழுத்துருவோடு கொண்டுவந்த ஏற்பாடு இது. பின்னர் பொதுத் தரமாகிவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2014-இல் வந்த 31-ஆம் பதிப்பிலிருந்து இந்த அட்டவணையைப் படிக்கிறது. குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பில்தான், வலைப்பக்கத்தில் சூத்திரங்களை எழுதும் குறிமொழியான மேத்எம்எல்லுக்கு நிலையாகத் திரும்பியது. அதுவும் இதே அட்டவணையைத்தான் நம்புகிறது. அட்டவணை இல்லாத எழுத்துருவில் கணிதக் குறிகள் ஆயிரம் இருந்தாலும் நீட்சிக்கு அது உதவாது.

முதல் சோதனை: முனையத்தில் எஃப்சி-மேட்ச், இடைவெளி, மேத். லேட்டின் மாடர்ன் மேத், ஸ்டிக்ஸ் டூ மேத், எக்ஸ்ஐடிஎஸ் மேத், அசானா மேத் போன்ற பெயர் வந்தால் நல்லது. டெஜாவூ சான்ஸ் என்றோ வேறொரு சாதாரண எழுத்துருவின் பெயரோ வந்தால் கணித எழுத்துரு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்சி-மேட்ச் 'இல்லை' என்று சொல்லத் தெரியாத கருவி. கேட்டது கிடைக்காவிட்டால் கைக்கு எட்டிய வேறொன்றின் பெயரைத் தயங்காமல் தரும். பதில் வந்துவிட்டதே என்று திருப்தியடையாமல், வந்தது உண்மையிலேயே ஒரு கணித எழுத்துருவின் பெயர்தானா என்று பாருங்கள்.

இல்லையென்றால் நிறுவ வேண்டியது ஒன்றே: லேட்டின் மாடர்ன் மேத். டெபியன், உபுண்டு வழியினருக்கு ஃபான்ட்ஸ்-எல்மாடர்ன் என்ற பொதி. ஃபெடோராவில் டெக்ஸ்லைவ்-எல்எம்-மேத். ஆர்ச்சில் ஓடிஎஃப்-லேட்டின்மாடர்ன்-மேத். அதன் ஒல்லியான கோடுகள் சிலருக்குப் பிடிக்காது, எனக்கும் திரையில் அவ்வளவாகப் பிடிக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டிக்ஸ் டூ மேத் அல்லது லிபர்டினஸ் மேத் நன்றாக இருக்கும். எதை நிறுவினாலும், அதற்குள் அட்டவணை உண்டா என்று சந்தேகம் வந்தால் ஓடிஎஃப்இன்ஃபோ கட்டளைக்குச் சிறு கோடும் 'டி' எழுத்தும் கொடுத்துக் கோப்பைக் காட்டுங்கள். உள்ளே உள்ள அட்டவணைகளை வரிசையாகச் சொல்லும். நான்கு பேரெழுத்தில் 'மேத்' அதில் இருக்க வேண்டும்.

எழுத்துரு இருந்தும் நீளவில்லையா? அப்படியானால் குற்றவாளி பக்கத்தின் பாணித்தாளாக (சிஎஸ்எஸ்) இருக்க வாய்ப்பு மிகுதி. 'எல்லா உறுப்புகளுக்கும் இந்த எழுத்துருவே' என்று நட்சத்திரக் குறியிட்டு ஒரு விதி எழுதியிருப்பார்கள். அது சூத்திரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தமிழ்ப் பக்கங்களில் இது அதிகம்: தமிழ் எழுத்து அழகாகத் தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு தமிழ் எழுத்துருவைச் சூட்டிவிடுவார்கள்; அதில் கணித அட்டவணை எங்கிருந்து வரும்? குறிகளை மட்டும் உலாவி வேறெங்கிருந்தோ கடன் வாங்கிக் காட்டும். எனவே எழுத்து தெரிகிறது, நீட்சி இல்லை.

உறுதிசெய்ய, குட்டையான அடைப்புக்குறியின் மேல் வலது சொடுக்கி ஆய்வுக் கருவியைத் திறங்கள். ஃபயர்பாக்ஸில் எழுத்துருக்கள் என்ற தாவல், குரோமில் கணக்கிட்ட பாணிகளின் அடியில் உள்ள பகுதி, உண்மையில் எந்த எழுத்துரு வரைகிறது என்று காட்டும். பக்கம் உங்களுடையதானால், மேத் உறுப்புக்கு எழுத்துருக் குடும்பம் 'மேத்' என்று தனியாக ஒரு விதி எழுதினால் தீர்ந்தது. நட்சத்திர விதி சூத்திரத்தின் உள்ளே இருக்கும் உறுப்புகளையும் தனித்தனியே பிடிக்கும் என்பதால் அவற்றுக்கும் சேர்த்து எழுத வேண்டும். அல்லது நட்சத்திரத்தை எடுத்துவிட்டு விதியைப் பக்கத்தின் உடல் உறுப்புக்கு மாற்றுவது இன்னும் சுத்தம்.

உலாவியின் அமைப்புகளையும் ஒரு முறை பார்த்துவிடலாம். ஃபயர்பாக்ஸின் மேம்பட்ட எழுத்துரு உரையாடலில் மொழிகளின் பட்டியலுக்குள் 'கணிதம்' என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. எப்போதோ விளையாட்டாக அதில் வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து மறந்திருப்பீர்கள்.

அறிகுறி: பின்னமே இல்லை, எல்லாம் ஒரே வரியில்

மேலே இருக்க வேண்டிய தொகுதியும் கீழே இருக்க வேண்டிய பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அடுக்கு கீழே இறங்கி, 'எக்ஸ்' வர்க்கம் என்பது 'எக்ஸ்2' என்று தெரிகிறது. இது எழுத்துருச் சிக்கலே அன்று. உலாவிக்கு மேத்எம்எல் தெரியவில்லை.

லினக்ஸில் இது இன்றும் நடப்பதற்குக் காரணம், குரோமியத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் சிறிய உலாவிகள். க்யூட்டி வெப்எஞ்சின் மேல் எழுந்த ஃபால்கன், க்யூட்பிரவுசர் போன்றவை அந்த எஞ்சின் எந்தக் குரோமியத்தைச் சார்ந்ததோ அந்த வயதில்தான் இருக்கும். க்யூட்டி 5.15-இல் இருப்பது குரோமியம் 87, 6.5-இல் 108. இரண்டிலும் மேத்எம்எல் இல்லை. 6.6-இல் 112, அங்கே உண்டு. உலாவியின் பதிப்பைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே இருக்கும் எஞ்சினின் பதிப்பைப் பாருங்கள்.

அறிகுறி: எச்சரிக்கைப் பட்டை அல்லது பெட்டி

எச்சரிக்கையைச் சொல்வது யார் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். உலாவியா, பக்கத்துக்குள் ஓடும் நிரலா?

சிஎம்எஸ்ஒய்10, சிஎம்இஎக்ஸ்10, மேத்1, மேத்2 என்று பெயர் சொல்லி நிறுவக் கேட்டால் அது பழைய மொசில்லா காலத்துப் பேச்சு. கணித அட்டவணை என்ற ஒன்று புழக்கத்துக்கு வருமுன், நீளும் குறிகளை எந்த எழுத்துருவில் எங்கே எடுப்பது என்று ஒவ்வோர் எழுத்துருவுக்கும் உலாவிக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். எனவே அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். இன்றைய ஃபயர்பாக்ஸில் அந்தத் தேவை இல்லை. ஆனால் அந்த எழுத்துருக்களைத் தேடிப் பிடித்து நிறுவும் பழைய வழிமுறைகள் இன்னும் தேடலில் மேலே வந்து ஆட்களைச் சுற்ற வைக்கின்றன. அவற்றைக் கடந்து போங்கள். இந்த எச்சரிக்கையே உண்மையில் உங்கள் திரையில் வருகிறதென்றால், கவலைப்பட வேண்டியது எழுத்துருவைப் பற்றி அன்று. அவ்வளவு பழைய உலாவியோடு வலையில் உலவுவதைப் பற்றி.

ஜேஎஸ்மேத் டெக் எழுத்துருக்கள் கிடைக்கவில்லை, யூனிகோட் அல்லது பட எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறேன் என்று பக்கத்துக்குள் ஒரு பெட்டி தோன்றினால், அது ஜேஎஸ்மேத் என்ற நிரல்; பக்கத்துக்குள் ஓடி சூத்திரங்களை வரையும் மேத்ஜாக்ஸின் முன்னோடி. பராமரிப்பு நின்று நெடுங்காலம் ஆகிறது. ஆனாலும் பழைய பாடக்குறிப்புப் பக்கங்களிலும் விக்கிகளிலும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கணினியில் சிஎம்ஆர்10, சிஎம்எம்ஐ10, சிஎம்எஸ்ஒய்10, சிஎம்இஎக்ஸ்10 முதலான டெக் (கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருள்) எழுத்துருக்கள் அதற்கென்றே தயாரித்த வடிவில் இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. நீங்கள் லேட்டின் மாடர்ன் மேத்தை நிறுவினால் அதற்குத் திருப்தி வராது. அதன் பெயரே அதற்குத் தெரியாது. டெபியன் வழியில் ஃபான்ட்ஸ்-ஜேஎஸ்மேத் என்ற பொதி கிடைத்தால் நிறுவலாம். ஒரே ஒரு பக்கத்தை ஒரே ஒரு முறை படிக்கத்தான் என்றால் அவ்வளவு சிரமம் வேண்டாம்: பெட்டியிலேயே செய்தியை மறைக்கும் பொத்தான் இருக்கிறது, பட எழுத்துரு கொஞ்சம் மங்கலாக இருக்கும், படிக்க முடியும்.

மேத்ஜாக்ஸ் 2 என்றால் செய்தி சாளரத்தின் இடது கீழ் மூலையில் வரும்: வலை எழுத்துரு கிடைக்கவில்லை, படங்களைக் காட்டுகிறேன் என்று. இங்கே உங்கள் கணினியில் எதையும் நிறுவத் தேவையில்லை. மேத்ஜாக்ஸ் தன் எழுத்துருவைத் தானே கொண்டுவருகிறது; வழியில் யாரோ மறித்திருக்கிறார்கள். மறிப்பவர் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது விளம்பரத் தடுப்பு நீட்சிகள்: யூபிளாக் ஆரிஜினில் தளத்துக்குத் தளம் வெளி எழுத்துருக்களைத் தடுக்கும் பொத்தான் உண்டு, நோஸ்கிரிப்டில் எழுத்துருவுக்கெனத் தனி அனுமதி உண்டு. அடுத்து, ஃபயர்பாக்ஸின் எழுத்துரு அமைப்பில் 'பக்கங்கள் தம் எழுத்துருவைத் தாமே தேர்ந்தெடுக்கலாம்' என்ற தேர்வுப்பெட்டி. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதை நீக்கியவர்கள், கணிதப் பக்கம் சிதறும்போது அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

அறிகுறி: திரையில் குழப்பம், விவரம் கன்சோலில் மட்டும்

உருவாக்குநர் கருவியின் கன்சோலைத் திறந்தால், தரவிறக்கும் எழுத்துரு என்று தொடங்கும் வரிகள் கிடக்கும். எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். வடிவத்தின் எல்லைப்பெட்டி தவறாக இருந்தது, சரிசெய்துகொண்டேன் என்ற ரகம் வெறும் முணுமுணுப்பு. படம் சரியாகவே வரும்.

கவனிக்க வேண்டியது, தரவிறக்கம் தோல்வி, தவறான முகவரி அல்லது வேறு தளத்திலிருந்து எடுக்க அனுமதி இல்லை என்று சொல்லும் வரி. எழுத்துருக் கோப்பு பக்கம் இருக்கும் தளத்திலிருந்து வராமல் வேறொரு சேவையகத்திலிருந்து வந்தால், 'இவர்களுக்குத் தரலாம்' என்று அந்தச் சேவையகம் ஒரு தலைப்புவரி அனுப்ப வேண்டும். அதன் பெயர் அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின். படத்துக்கு இந்தக் கெடுபிடி இல்லை, எழுத்துருவுக்கு உண்டு. படமெல்லாம் வருகிறதே, எழுத்துரு மட்டும் ஏன் வரவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

இதன் வீட்டு வடிவம்தான் பலரைப் பிடிக்கிறது. மேத்ஜாக்ஸையோ அதே வேலையைச் செய்யும் கேடெக்கையோ கணினியில் தரவிறக்கி, ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பை எழுதி, அதை இருமுறை சொடுக்கித் திறக்கிறார்கள். முன்பு வேலை செய்த அதே கோப்பு திடீரென வேலை செய்வதில்லை. 2019-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 68 முதல், வட்டிலிருந்து நேரே திறக்கும் ஒவ்வொரு கோப்பும் தனித் தளமாகவே கருதப்படுகிறது. பக்கத்துக் கோப்புறையில் இருக்கும் எழுத்துருகூட அதற்கு அந்நியம். பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்தச் சொல்லும் யோசனைகள் உலவுகின்றன, செய்யாதீர்கள். அந்தக் கோப்புறைக்குள் முனையத்தைத் திறந்து, பைதான்3, சிறு கோடு 'எம்', ஹெச்டிடிபி புள்ளி சர்வர் என்று இயக்குங்கள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட், 8000-ஆம் துறை. எல்லாம் ஒரே தளமாகிவிடும், சூத்திரம் வந்துவிடும்.

குரோமியத்தை முனையத்திலிருந்தோ கொள்கலனுக்குள்ளோ இயக்கும்போது, இயல்பு அமைப்புக் கோப்பை ஏற்ற முடியவில்லை என்று ஃபான்ட்கான்ஃபிக் கத்தினால், அங்கே எழுத்துரு மட்டுமல்ல, ஃபான்ட்கான்ஃபிக்கின் அமைப்பே இல்லை. முதலில் அந்தப் பொதியை நிறுவுங்கள், பிறகு எழுத்துரு.

அறிகுறி: நிறுவியாகிவிட்டது, எஃப்சி-லிஸ்ட் காட்டுகிறது, உலாவி மட்டும் காணவில்லை

முதல் கேள்வி கொஞ்சம் அவமானமாக இருக்கும்: உலாவியை மூடித் திறந்தீர்களா? சாளரத்தை மட்டுமன்று, பின்னணியில் ஓடுவதையும் சேர்த்து. மூடும் முன் எஃப்சி-கேஷ் கட்டளையைச் சிறு கோடு 'எஃப்வி' என்ற தெரிவோடு ஒரு முறை இயக்கிவிடுங்கள்.

அடுத்து, கோப்பைப் படிக்கும் அனுமதி. கோப்பை நிர்வாகியாக நின்று அமைப்பின் எழுத்துருக் கோப்புறைக்குள் நகலெடுத்தால், சில வேளைகளில் அது நிர்வாகி மட்டுமே படிக்கும்படி அமைந்துவிடும். சூடோ போட்டு எஃப்சி-லிஸ்ட் கேட்டால் காட்டும். போடாமல் கேட்டால் காட்டாது. இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள். வேறுபட்டால், அனைவருக்கும் படிக்கும் உரிமையைக் கொடுங்கள்.

மூன்றாவது, இன்று மிகப் பரவலானது: உலாவி ஒரு தனியறைக்குள் இருக்கிறது. உபுண்டு 21.10 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில்தான் இயல்பாக வருகிறது; பலர் ஃபிளாட்பேக்கில் நிறுவியிருப்பார்கள். ஃபிளாட்பேக்கின் உள்ளே தெரியும் யூஎஸ்ஆர் கோப்புறை உங்கள் கணினியுடையது அன்று, அதன் இயக்கச்சூழலுடையது. உங்கள் எழுத்துருக்களை அது தனி வாசல் வழியாக, ரன் கோப்புறைக்குள் ஹோஸ்ட் என்பதன் கீழ் வாங்கிக்கொள்கிறது. இதில் சிக்குவது குறுக்கிணைப்புகள். டெக் நிறுவலுக்குள் இருக்கும் எழுத்துருவுக்கு வீட்டுக் கோப்புறையிலிருந்து ஓர் இணைப்பு மட்டும் போட்டிருந்தால், வெளியே அது சரியாகத் திறக்கும்; அறைக்குள்ளிருந்து பார்த்தால் அது காட்டும் இடமே இருக்காது. இணைப்பை நீக்கிவிட்டுக் கோப்பையே நகலெடுங்கள்: வீட்டுக் கோப்புறையில் புள்ளி வைத்த லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ். அறைக்குள் உண்மையில் என்ன தெரிகிறது என்று பார்க்க, ஃபிளாட்பேக் ரன் கட்டளைக்கு 'கமாண்ட்' தெரிவில் எஃப்சி-லிஸ்ட்டைக் கொடுத்து உலாவியின் முழு அடையாளப் பெயரைச் சேருங்கள். வெளிப் பட்டியலையும் உள் பட்டியலையும் அருகருகே வைத்தால் பதில் கிடைத்துவிடும்.

டெக்கின் தொகுப்பான டெக் லைவை அதன் சொந்த நிறுவியால் நிறுவியவர்களுக்கு இதன் முன்கதை ஒன்று உண்டு. அதன் எழுத்துருக்கள் அமைப்பின் எழுத்துருப் பாதைக்கு வெளியே இருப்பதால் ஃபான்ட்கான்ஃபிக்குக்கே தெரியாது. டெக் லைவ் தரும் டெக்ஸ்லைவ்-ஃபான்ட்கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பை ஈடிசி கோப்புறையில் உள்ள ஃபான்ட்ஸ், கான்ஃப்-டி என்ற இடத்துக்கு 09-டெக்ஸ்லைவ் புள்ளி கான்ஃப் என்ற பெயரில் நகலெடுத்தால் தெரியவரும். முழுத் தொகுதியும் உலாவியின் எழுத்துருப் பட்டியலில் வந்து குவியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை, வேண்டிய ஒன்றை மட்டும் நகலெடுத்துக்கொள்கிறேன்.

நான்காவது, யாரும் சந்தேகப்படாதது: தனியுரிமைக் காப்பு. எந்தெந்த எழுத்துரு இருக்கிறது என்பதை வைத்தே ஆளை அடையாளம் காண முடியும் என்பதால், 2023-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 119 முதல் கண்காணிப்புத் தடுப்பைக் 'கண்டிப்பு' நிலையில் வைத்திருப்பவர்களுக்கு, வலைத்தளங்களின் கண்ணில் அமைப்போடு வந்த எழுத்துருக்களும் மொழிப் பொதி எழுத்துருக்களும் மட்டுமே படும். நீங்கள் பார்த்துப் பார்த்து நிறுவிய கணித எழுத்துரு அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். முகவரிப் பட்டையில் உள்ள கேடயச் சின்னத்தைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் காப்பை நிறுத்திப் பாருங்கள். சூத்திரம் நிமிர்ந்தால் காரணம் அதுதான். டார் உலாவியில் பாதுகாப்பு நிலையை உயர்த்தியிருந்தால் சில எழுத்துருக்களும் கணிதக் குறிகளும் வேண்டுமென்றே நிறுத்தப்படுகின்றன. அங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை.

அறிகுறி: கிரேக்க எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து

ஆல்ஃபாவுக்குப் பதில் 'ஏ', பீட்டாவுக்குப் பதில் 'பி', தொகைக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சம்பந்தமில்லாத ஐரோப்பிய எழுத்து. யூனிகோட் வருமுன் தமிழ் இணையத்தில் உலவியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: உரிய எழுத்துரு இல்லாமல் பக்கத்தைத் திறந்தால் ஆங்கிலக் குப்பை கொட்டுமே, அதே கதை. டெக் ஆவணங்களை ஹெச்டிஎம்எல்லாக மாற்றிய பழைய கருவிகள் சிம்பல் என்ற எழுத்துருவைச் சுட்டி, அதில் ஆல்ஃபா இருக்கும் இடத்தில் உள்ள ஆங்கில எழுத்தை எழுதிவைத்தன. இன்றைய உலாவி அந்த எழுத்தை அதன் யூனிகோட் பொருளில் எடுத்துக்கொள்கிறது, அது சரியும்கூட. எழுத்துரு நிறுவி இதைத் திருத்த முயல்வது வீண். அதே ஆவணத்தின் பிடிஎஃப் வடிவம் கிடைக்கிறதா என்று தேடுங்கள். பக்கம் உங்களுடையதானால் மூல டெக்கிலிருந்து புதிய கருவியால் மறுபடி மாற்றுங்கள்.

சில்லறை அறிகுறிகள்

சூத்திரம் இரண்டு முறை வருகிறது, ஒன்று சிதறியும் மற்றொன்று ஓரளவு சரியாகவும்: கேடெக்கின் பாணித்தாள் ஏறவில்லை. திரைவாசிப்பான்களுக்காக வைத்திருக்கும் மேத்எம்எல் பிரதியை மறைப்பது அந்தப் பாணித்தாள்தான். பாணித்தாள் ஏறியும் எழுத்துகள் மட்டும் ஒழுங்கில்லை என்றால், அதன் அருகில் இருக்க வேண்டிய ஃபான்ட்ஸ் கோப்புறையை நகலெடுக்க மறந்திருப்பீர்கள்.

இருபக்க அம்பு நீலப் பின்னணியோடு பொம்மைபோல் வருகிறது: அந்த அம்புக்கு யூனிகோடில் எமோஜி வடிவமும் உண்டு, உங்கள் அமைப்பில் வண்ண எமோஜி எழுத்துரு முந்திக்கொள்கிறது. அம்புக்குப் பின்னால் எஃப்இ0இ என்ற உரைவடிவத் தேர்வியைச் சேர்த்தால் சாதாரண அம்பாகிவிடும்.

ஒரு பத்தியில் மட்டும் வரிகளுக்கிடையே ஆளுயர இடைவெளி: உரையில் வந்த ஏதோ ஒரு குறிக்காக உலாவி கணித எழுத்துருவைக் கடன் வாங்கியிருக்கிறது. உயரமான குறிகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், கேம்ப்ரியா மேத் போன்றவற்றில் வரியின் உயரம் மிகப் பெரிதாகவே வரையறுக்கப்பட்டிருக்கும். ஓர் எழுத்து வந்தாலும் அந்த வரி முழுவதையும் தூக்கிவிடும். பாணித்தாளில் வரி உயரத்தை எண்ணாக நிர்ணயித்துவிட்டால் அடங்கும். அடங்கவில்லை என்றால், மேலே சொன்ன ஆய்வுக் கருவியில் அந்தப் பத்தியின் எழுத்துருக்களைப் பாருங்கள்; கடன் கொடுத்தவரின் பெயர் அங்கே இருக்கும்.